கடலிலிருந்து 145 கி.மீ. உள்ளே: ஃபெஞ்சல் புயலும் ஊத்தங்கரை, அரூர் பெருமழையும்

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 503 மி.மீ. மழை பதிவானது. தருமபுரி மாவட்டம் அரூரில் 331 மி.மீ. பெய்திருந்தது. அதற்கு முந்தின நாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில், புயல் கரையேறிய இடத்தை ஒட்டியிருந்த புதுச்சேரி நகரில் பதிவானது ஏறத்தாழ 480 மி.மீ. புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து ஊத்தங்கரை நேர்கோட்டில் 145 கி.மீ. அளவுக்கு உள்ளே இருக்கிறது. இவ்வளவு தொலைவு தாண்டி வந்த பிறகும் மழை குறையவில்லை, சற்றுக் கூடவே செய்திருக்கிறது என்பதுதான் இந்த நிகழ்வைத் தனியே எடுத்து ஆராயத் தூண்டுகிறது.

இரு மாவட்டங்களிலும் இது வெள்ளச் சேதக் கணக்காகவே எழுதப்பட்டு முடிந்தது. பயிர்ச் சேதம், சாலைச் சேதம், வீட்டுச் சேதம் என்ற வரிசையில் கடல் என்ற சொல்லுக்கு இடமில்லை. ஆனால் தொடக்கம் முதல் இறுதி வரை இதை நடத்தியது வங்கக் கடல்தான். கடலைப் பற்றிய அறிவும் எச்சரிக்கையும் கடலோர மாவட்டங்களுக்கு உரியவை என்ற பிரிவினை நம் நிர்வாகத்திலும் பொது மனத்திலும் ஆழமாக ஊறியிருக்கிறது. அந்தப் பிரிவினை இந்த நிகழ்வில் எங்கெங்கே இடறியது என்பதே இவ்வாய்வின் பொருள்.

புயல் வந்த வழி

நவம்பர் கடைசி வாரத்தில் தென்மேற்கு வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி மேலேறி, அங்கே பெரும் வெள்ளத்தை உண்டாக்கிவிட்டு, தமிழகக் கரையை நோக்கி மெதுவாக நகர்ந்தது. அது புயலாக வலுப்பெறும் என்று முதலில் கணிக்கப்பட்டது. பிறகு, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடந்துவிடும் என்று சொல்லப்பட்டது. நவம்பர் 29 பிற்பகலில் உண்மையாகவே புயலாகி, சவுதி அரேபியா கொடுத்திருந்த ஃபெஞ்சல் என்ற பெயரைப் பெற்றது. இந்த மாற்றங்களைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த மக்களுக்குக் கடலில் என்ன நடக்கிறது என்பது புரிந்ததைவிட, வானிலைக்காரர்கள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள் என்பதே மனத்தில் நின்றது. ஒரு சுழற்சி வலுப்பதும் தளர்வதும் கடலின் வெப்பம், மேலடுக்குக் காற்றின் வேக வேறுபாடு, வறண்ட காற்றின் ஊடுருவல் ஆகியவை அடுத்தடுத்து மாறுவதால் நேர்பவை. கணிப்பு மாறுவது பெரும்பாலும் கண்காணிப்பு நடக்கிறது என்பதற்கே சான்று. இதை எளிய தமிழில் எடுத்துச் சொல்லும் வேலையை எவரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

நவம்பர் 30, சனிக்கிழமை இரவு 10.30 மணிக்கும் 11.30 மணிக்கும் இடையே புதுச்சேரி அருகே புயல் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கி.மீ., இடையிடையே 90 கி.மீ. சென்னையில் பெரும் சேதம் இல்லை என்று தெரிந்ததும் செய்திகளின் பதற்றம் அடங்கியது. உண்மையில் புயல் எங்கும் போய்விடவில்லை. அதை இழுத்துச் செல்ல வேண்டிய மேலடுக்குக் காற்றோட்டம் வலுவற்றிருந்ததால் டிசம்பர் 1 பகலின் பெரும்பகுதி புதுச்சேரியைச் சுற்றியே ஏறக்குறைய அசையாமல் நின்றது. பிறகு மேற்கே மெல்ல நகர்ந்து, வலுவிழந்தபடியே வட உள் தமிழகத்தைக் கடந்து, டிசம்பர் 3 அளவில் கர்நாடகத்துக்கு அப்பால் அரபிக் கடலில் இறங்கியது. ஊத்தங்கரையிலும் அரூரிலும் ஞாயிறு இரவு விடிய விடியக் கொட்டிய மழை, இந்த வலுவிழந்த கட்டத்தில் பெய்தது.

503 மி.மீ. என்றால் என்ன

மழை அளவுகளை நாம் எண்ணாகக் கேட்டுப் பழகிவிட்டோம். அதன் கனம் உறைப்பதில்லை. 200 சதுர செ.மீ. வாய் கொண்ட மழைமானி ஒன்றில் 503 மி.மீ. என்பது பத்து லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீர். அளவுக் குவளையால் ஊற்றி ஊற்றி எண்ண வேண்டிய அளவு அது. நிலத்தில் கணக்கிட்டால், ஒரு ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டருக்கு மேல். ஒரு சதுர கி.மீ. பரப்பில் அது கிட்டத்தட்ட 18 மில்லியன் கன அடி. ஆண்டு முழுவதும் பெய்வதே சராசரியாக 850 மி.மீ. அளவை ஒட்டி இருக்கும் ஒரு மாவட்டத்தில், அதில் பாதிக்கு மேல் ஒரே இரவில் இறங்கியது.

வறட்சிக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில் மழையைப் பற்றிய உணர்வு கடலோரத்தில் இருப்பதற்கு நேர்மாறானது. இங்கே மழை வந்தால் கும்பிடுவார்கள். ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்த ஏரி நிரம்பிக் கோடி போகிறது, அதாவது உபரி நீர் வழிந்தோடுகிறது என்றால் ஊரே கரைக்குத் திரண்டு வந்து பூ, பழம் போட்டுப் பூசை செய்வதும், கிடா வெட்டுவதும் இரு மாவட்டங்களிலும் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் 500 மி.மீ. மழையில் கோடி போகும் ஏரியின் அருகே கூட்டம் கூடுவது வேறு விஷயம். உபரி நீர் வழிந்து வெளியேறும் அமைப்பான ஏரியின் கலிங்கல் ஒரு குறிப்பிட்ட நீர்வரத்துக்காகக் கட்டப்பட்டது. அந்தக் காலத்தில் கணக்கிட்டவர்கள் கண்ட மழையை அடிப்படையாக வைத்தே அதன் அகலமும் உயரமும் அமைந்தன. வரத்து அதைத் தாண்டினால் நீர் கரையின் மேலேறும், அல்லது பழைய போக்குக் கால்வாயைத் தேடும். அந்தக் கால்வாய் இப்போது சாலையாகவோ கடைத்தெருவாகவோ இருந்தால் அதன் வழியே போகும்.

ஊத்தங்கரையில் நடந்தது இதுதான். ஏரி நீர் பெருகி வந்து, பேருந்து நிலையத்தை ஒட்டிச் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த வேன்களையும் கார்களையும் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிக்கொண்டு போன காட்சியைத் தமிழகமே கைப்பேசியில் பார்த்தது. முன்பக்கம் மேலே தூக்கியபடி மிதந்து வந்த ஒரு வேன், அடுத்ததன் மேல் சாய்ந்து நிற்க, பின்னால் வந்தது இரண்டையும் சேர்த்துத் தள்ளியது. அந்த வண்டிகள் எப்போதும் நிறுத்தப்படும் இடம் அது. நீர் வரும் வழி என்று அந்த இடத்தை யாரும் நினைத்திருக்கவில்லை. முந்தின நாள் மாலையே, இன்னின்ன ஏரிகளின் போக்கு வழியில் வாகனங்களை நிறுத்தாதீர்கள் என்று ஒரு அறிவிப்பு போயிருந்தால், இழப்பில் ஒரு பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்பது என் கருத்து. அப்படி ஒரு அறிவிப்பைக் கொடுக்கும் அளவுக்குக் கடலிலிருந்து தகவல் இருந்ததா என்ற கேள்விக்குப் பின்னர் வருகிறேன்.

கடல் எப்படி இங்கே வரை வந்தது

புயலின் எரிபொருள் கடலின் வெப்பம். கடற்பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால்தான் வெப்பமண்டலப் புயல் உருவாகித் தழைக்கும் என்பது பொதுவான அளவுகோல். வங்கக் கடல் நவம்பரில் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. அதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி போன்ற பேராறுகள் தென்மேற்குப் பருவக் காலத்தில் கொண்டுவந்து கொட்டும் நன்னீர், உப்பு நீரைவிட இலேசானதால் மேலே மெல்லிய படலமாகப் பரவி நிற்கிறது. காற்று அடித்தாலும் இந்தப் படலம் கீழே உள்ள குளிர்ந்த நீரோடு எளிதில் கலப்பதில்லை. ஆகவே வெயிலின் வெப்பம் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. பிற கடல்களில் புயல் தன் காற்றாலேயே அடிநீரைக் கிளறிக் கடலைக் குளிரவைத்துத் தன்னைத் தளர்த்திக்கொள்ளும். வங்கக் கடலில் அந்தத் தடை வலுவற்றது. நம் தென்பெண்ணை இந்த நன்னீர்க் கணக்கில் ஒரு துளிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதன் மேல் ஏறிய சுமை காலநிலை மாற்றம். இந்தியப் பகுதியின் காலநிலை மாற்றம் பற்றிப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 டிகிரி சூடேறியிருக்கிறது. உலகக் கடல்களின் சராசரி உயர்வு 0.7 டிகிரி. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். ஒரு தனிப் புயலை இதன் கணக்கில் மட்டுமே எழுதிவிட முடியாது. ஆயினும் ஒவ்வொரு புயலும் முன்பைவிடக் கனமான சுமையோடு கிளம்புகிறது என்பது இயற்பியல்.

கரையேறியதும் புயல் கடலிலிருந்து அறுபட்டுவிடுகிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அறுபடுவது மையம் மட்டுமே. சுழற்சியின் வடக்கு, கிழக்குக் கரங்கள் நூற்றுக்கணக்கான கி.மீ. நீண்டு கடலின் மேலேயே கிடக்கின்றன. அவை ஈரக்காற்றை வாரி உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். மையம் வேகமாக நகர்ந்தால் இந்த மழை பல மாவட்டங்களுக்குப் பங்கிடப்படும். நின்றுவிட்டால் ஒரே இடத்தில் கொட்டும். ஃபெஞ்சல் நின்றது. உள்ளே வந்த ஈரக்காற்றுக்கு ஜவ்வாது, சித்தேரி, சேர்வராயன், கல்வராயன் மலைகள் ஏணிப்படிகளாக அமைந்தன. மேலேறும் காற்று குளிர்ந்து மழையாகும். ஏற்காட்டிலும் அதே நாளில் கனமழை பெய்ததும், சேர்வராயன் மலையடி வாணியாற்றிலும் ஊத்தங்கரைப் பாம்பாற்றிலும் ஒரே சமயத்தில் வெள்ளம் வந்ததும் இதனோடு பொருந்துகின்றன.

எச்சரிக்கை எங்கே தேங்கியது

இந்திய வானிலை ஆய்வு மையம் புயல்களைக் காற்றின் வேகத்தால் தரம் பிரிக்கிறது. மணிக்கு 62 முதல் 88 கி.மீ. வரை புயல், 89 முதல் 117 வரை தீவிரப் புயல், அதற்கு மேல் மிகத் தீவிரம், அதி தீவிரம் என்று போகும். இந்த வரிசையில் ஃபெஞ்சல் அடிமட்டத்தில் இருந்தது. கடலில் இருக்கும் படகுக்கும் கரையில் இருக்கும் குடிசைக்கும் காற்றின் வேகமே முதல் ஆபத்து என்பதால், அவர்களுக்கு இந்தத் தரவரிசை முற்றிலும் பொருத்தமானது. உள் மாவட்டத்துக்கு ஆபத்து மழையிலும் அது நிற்கும் நேரத்திலும் இருக்கிறது. "சாதாரணப் புயல்தான், கரையையும் கடந்துவிட்டது" என்ற செய்தி கடலூர்த் துறைமுகத்தில் நிம்மதியைத் தரலாம். அதே செய்தி அரூர்ச் சந்தையில் தவறான நிம்மதியைத் தருகிறது.

இதை வானிலைத் துறை அறியாமல் இல்லை. அதன் புயல் எச்சரிக்கை நான்கு கட்டங்களைக் கொண்டது. 72 மணி நேரத்துக்கு முன் முதற் கண்காணிப்பு அறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் உஷார் அறிவிப்பு, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை ஆகிய மூன்றும் எல்லோரும் அறிந்தவை. நான்காவது, புயல் கரையேறுவதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்பாக வெளியாகும் அறிக்கை. கரையைக் கடந்தபின் புயல் எந்தத் திசையில் போகும், உள் பகுதிகளில் என்ன நேரும் என்பதைச் சொல்வதற்கென்றே அது வகுக்கப்பட்டிருக்கிறது. அதாவது கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் என்றே எழுதப்படும் ஒரு கடல் அறிக்கை ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. முதல் மூன்றையும் மீனவர் சங்கங்கள் கேட்டு வாங்குகின்றன. நான்காவதைக் கேட்டு வாங்க உள்ளே ஆளில்லை. எனக்குத் தெரிந்தவரை, இந்த வட்டாரத்தின் ஊராட்சிக் கூட்டங்களிலோ விவசாயிகள் குறைதீர் கூட்டங்களிலோ இப்படி ஓர் அறிக்கை உண்டு என்ற பேச்சே எழுவதில்லை.

கருவிகளின் குறையும் ஒன்று உண்டு. கடலில் மிதவைகள் இருக்கின்றன, செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் மிதவைகள் கடலின் வெப்பத்தையும் காற்றையும் நேரடியாக அனுப்புகின்றன. கரையோரத்தில் சென்னை, காரைக்கால் ரேடார்கள் உள்ளன. இவை இரண்டிலிருந்தும் ஊத்தங்கரை நேர்கோட்டில் 200 கி.மீ.க்குச் சற்று மேல். பூமி வளைந்திருப்பதால், அரை டிகிரி சாய்வில் புறப்படும் ரேடார் கதிர் அந்தத் தொலைவை அடையும்போது தரையிலிருந்து ஏறத்தாழ 4 கி.மீ. உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். மேகத்தின் மேற்பகுதியை அது பார்க்கும். அதன் அடியில் மழை எவ்வளவு அடர்ந்து இறங்குகிறது என்பதைக் குறைத்தே காட்ட வாய்ப்புண்டு. புயல் கடலுக்கு மேல் இருந்தபோது நன்றாகவே தெரிந்தது. நமக்கு அருகில் வர வர, கரையோரக் கருவிகளின் பார்வையிலிருந்து மங்கியது.

ஆகவே முன்பு நிறுத்திய கேள்விக்கு விடை இது: எந்த ஏரிக்கு எத்தனை மி.மீ. என்று முந்தின மாலையே சொல்லும் திறன் எவரிடமும் இல்லை. நின்றுவிட்ட புயல் மேற்கே நகரும், மலையடிவாரங்களில் மிகக் கனமழை கொட்டக்கூடும், ஆகவே நிரம்பிய ஏரிகளின் போக்கு வழியைக் காலி செய்யுங்கள் என்று சொல்லும் அளவுக்குப் போதுமான அறிவு இருந்தது. அதைச் செயலாக மாற்றும் இடைக்கண்ணி இல்லை.

திரும்பிப் போன நீர்

இரு மாவட்டங்களிலும் பெய்த இந்த மழையில் பெரும் பங்கு பாம்பாறு, வாணியாறு வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்குப் போனது. சாத்தனூரின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. ஊத்தங்கரையில் பெய்த அளவு மழை 412 சதுர கி.மீ. பரப்பில் பெய்து முழுவதும் வழிந்தோடினால், காலியான சாத்தனூரே நிரம்பிவிடும். அணையோ பருவத்தின் நடுவில் ஏற்கெனவே நீரோடு இருந்தது. டிசம்பர் 2 அதிகாலையில் வெளியேற்றம் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடியாக உயர்த்தப்பட்டது. அதே வேகத்தில் ஒரு நாள் முழுதும் ஓடினால் அணையின் கொள்ளளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீர் போய்விடும். திருக்கோவிலூர்ப் பக்கமும் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களும் மூழ்கின. அரசூர் அருகே சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் போக்குவரத்து நின்றது.

போதிய முன்னறிவிப்பு கொடுக்கப்பட்டதா என்று அரசியல் களத்தில் பெரிய சச்சரவு எழுந்தது. அதற்குள் நான் போகவில்லை. அணை மேலாண்மையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம். சாத்தனூருக்கு வரவிருக்கும் நீரை முன்கூட்டி அறிய வேண்டுமென்றால் ஊத்தங்கரை, அரூர் மழைமானிகளை மணிக்கொரு முறை பார்த்தாக வேண்டும். காலை 8.30 மணிக்கு நாளுக்கு ஒரு முறை அளக்கும் முறையில், 503 மி.மீ. என்ற எண் உலகுக்குத் தெரியவந்தபோது அந்த நீர் அணையைத் தாண்டிக்கொண்டிருந்தது. கடலூர் மக்களின் பாதுகாப்பு உண்மையில் கிருஷ்ணகிரி, தருமபுரி மழைக் கணக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. கடலோரமும் உள்நாடும் ஒரே ஆற்றால் கட்டப்பட்டவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இந்த வடிநிலத்தில் அண்மையில் இல்லை.

கொள்கையில் கடல் எங்கே முடிகிறது

2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஆற்றுக்குள் கடலின் ஆட்சி எதுவரை என்பதற்கு உப்பை அளவுகோலாக வைக்கிறது: ஆண்டின் மிக வறண்ட காலத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடம் வரை. கட்டுமானங்களைக் கட்டுப்படுத்த இது சரியான எல்லை. சிக்கல் என்னவென்றால், கடல் சார்ந்த மற்ற எல்லா ஏற்பாடுகளும் சொல்லாமலே இதே எல்லையைப் பின்பற்றுகின்றன. பல்நோக்குப் புயல் பாதுகாப்பு மையங்கள், புயல் ஒத்திகைகள், ஐதராபாத்தின் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை எச்சரிக்கைகள் எல்லாம் கரையோரத்துக்கானவை. அலை எச்சரிக்கை ஊத்தங்கரைக்குத் தேவையில்லை, பாதுகாப்பு மையக் கட்டடமும் தேவையில்லை. தேவைப்படுவது, கடல் தகவல் ஏரிக்கரை வரை வந்து சேரும் வழி.

பொது மனத்தில் கடல் இந்த மாவட்டங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மீன் விலையாக வந்து போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை வந்தால், தருமபுரிச் சந்தையில் கடல் மீன் விலை ஏறும்; கிருஷ்ணகிரி அணையின் கட்லா, ஜிலேபி மீன்கள் கூடுதலாக விலை போகும். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

ஆனால் இதே தருமபுரி மக்களுக்கு நீர் எண்களைப் படிக்கத் தெரியாது என்று எவராவது சொன்னால் அது தவறு. கர்நாடகத்தில் மழை என்றால், காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் இன்று எத்தனை ஆயிரம் கன அடி, ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா ஓடாதா, மேட்டூருக்கு எப்போது போய்ச் சேரும் என்பதைப் பென்னாகரத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவர் விரல் நுனியில் வைத்திருப்பார். அந்த நீரும் அரபிக் கடலிலிருந்து வந்ததுதான். பிலிகுண்டுலு எண் நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே அளவில், காரண காரியத்தோடு அறிவிக்கப்படுவதால் மக்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள்; யாரும் வகுப்பு எடுக்கவில்லை. வங்கக் கடல் சுழற்சிகளுக்கும் இதே முறை எடுபடும் என்று நம்ப இடமிருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை, புயலின் நான்காம் கட்ட அறிக்கையை வட்ட அளவில் தமிழில் சுருக்கி, பக்கத்திலேயே பாம்பாறு, வாணியாறு அணைகளின் நீர்மட்டத்தையும் மணிக்கணக்கான மழை அளவையும் சேர்த்து வெளியிட்டால், இரண்டு பருவங்களில் மக்கள் அதைத் தாமே கேட்கத் தொடங்குவார்கள். மாநில அரசு 2024-இல் கொண்டுவந்த டிஎன் அலர்ட் செயலி இதற்கு ஏற்ற இடம்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று தீர்க்கப்படாமல் நிற்கிறது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன; அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. வானிலை அறிக்கை மாவட்ட ஆட்சியருக்கு வருகிறது, அங்கிருந்து நீர்வளத் துறைப் பொறியாளருக்குப் போகிறது. சிறு ஏரிகளே மழையில் முதலில் நிரம்பி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து, கடைசியில் பெரிய ஏரியின் மேல் சுமையை ஏற்றுகின்றன. ஆகவே அவற்றின் கரையைப் பார்த்துவரவும் போக்கு வழியைத் திறந்துவைக்கவும் இன்ன அலுவலர் இத்தனை மணி நேரத்துக்குள் செல்ல வேண்டும் என்ற எழுத்துப்பூர்வமான பொறுப்பு ஒன்றிய அளவில் வரையறுக்கப்பட வேண்டும். ஊத்தங்கரை, அரூர், மொரப்பூர், மத்தூர் ஆகிய நான்கு ஒன்றியங்களில் இதை அடுத்த வடகிழக்குப் பருவத்துக்கு முன் செய்து பார்க்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் ஒரு பக்கச் சேர்க்கை போதும்.